கார் கூலன்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

கம்பத்திலிருந்து குமுளி மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் உயர்கிறது, கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) நாமே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாற்றலாம். ஆனால் முதலில் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா, எங்காவது ஒழுகுகிறதா என்று பாருங்கள். அந்தக் கோளாறுகளைப் புதுக் கூலன்ட் சரிசெய்யாது.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியில் கை வையுங்கள். அடியில் பழைய பேசினை வைத்து டிரெய்ன் பிளக்கைத் திறங்கள். பிளக் இல்லாவிட்டால் கீழ் ஹோஸ் கிளிப்பைத் தளர்த்துங்கள். துரு நிறத்தில் வந்தால் அலசினால் போதும். பால் காபி மாதிரி எண்ணெய்ப் பசையோடு வந்தால் எண்ணெயும் கூலன்ட்டும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் மேல்தான் சந்தேகம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பிறகு டிஸ்டில்ட் வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சுடும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். அப்போதுதான் சூட்டில் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்து இன்ஜின் பிளாக்குக்குள் இருப்பதும் கலக்கும். ஆறவிட்டு வடியுங்கள், தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு படியும்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: வடித்த பிறகும் பிளாக்கில் கொஞ்சம் தண்ணீர் தங்கும். அதன்மேல் ஏற்கெனவே தண்ணீர் கலந்து வரும் ரெடிமிக்ஸ் ஊற்றினால் நீர்த்துப்போகும். தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் வாங்குங்கள். மேனுவலில் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர், பாதிக்குப் பாதி என்றிருந்தால், முதலில் 2.5 லிட்டர் கான்சன்ட்ரேட், மீதிக்கு டிஸ்டில்ட் வாட்டர். நிறத்தை நம்பாதீர்கள், மேனுவல் சொல்லும் வகைதான் கணக்கு.

முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி ஊற்றினால் காற்று எளிதில் வெளியேறும். மறுநாள் காலை அளவு இறங்கியிருக்கும், நிரப்புங்கள்.

பழையதை ஓடையில் கொட்டாதீர்கள். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனால் விஷம். நக்கிய நாய் பிழைப்பது கஷ்டம்.