நாளை என்ன ஆகும் என்றே தெரியாத காலத்தில், தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு என்ன திறமை வேண்டும்?

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்து 22 வருடம் ஆகிறது. ஹெல்பராகச் சேர்ந்தவன், இப்போது புரொடக்‌ஷன் மேனேஜர். நிர்வாகப் படிப்பு எதுவும் படித்ததில்லை. அதனால் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

இந்த ஊரில் நிம்மதியாக இருந்த வருடம் குறைவு. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. துணி இருந்தது, சாயம் போட இடமில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு. பிறகு நூல் விலை ஏறிய ஏற்றத்தில், பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு, ஒப்புக்கொண்ட விலையில் தைத்தால் கைக்காசு போகும் என்ற நிலை. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட வரி: 7-ஆம் தேதி 25 சதவீதம், 27-ஆம் தேதி அது 50 ஆனது.

ஊரடங்கின்போது நான் வேறு கம்பெனியில் இருந்தேன். அந்த முதலாளி நல்ல மனிதர்தான். "ஒன்னும் ஆகாதுங்க, நான் இருக்கேன்" என்றார். பத்தாவது நாள் அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். டைலர்கள் சம்பளம் கேட்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். பணம் இல்லாததுகூட அவர்களுக்குப் புரிந்தது. அவர் சொன்ன அந்த 'ஒன்னும் ஆகாது'வைத்தான் கடைசிவரை மன்னிக்கவில்லை.

இப்போதைய முதலாளி அவ்வளவு இனிமையாகப் பேசுகிறவர் இல்லை. எங்களுக்குப் பாதிக்கு மேல் அமெரிக்க ஆர்டர். 50 சதவீதம் என்று செய்தி வந்த மறுநாள், டீ டைமில் எல்லாரையும் கட்டிங் டேபிள் பக்கம் கூப்பிட்டார். "அமெரிக்கா ஆர்டர் என்ன ஆகும்னு எனக்கே தெரியாதுங்க. கட்டிங் ஆனது வரைக்கும் தைச்சிரலாம். இந்தச் சனிக்கிழமையும் அடுத்த சனிக்கிழமையும் சம்பளம் உண்டு. அதுக்கு மேல என்னங்கறதைப் புதன்கிழமை இதே இடத்துல சொல்றேன்." ஒடிசா, பீகார் பையன்களுக்கு லைன் சூப்பர்வைசர் இந்தியில் சொன்னார். அவ்வளவுதான், மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

புதன்கிழமை வந்தார். "இன்னும் பதில் வரலைங்க, அடுத்த புதன் பார்க்கலாம்." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் வந்தார், பாருங்கள். இரண்டு டைலர்கள் ஊருக்குப் போகிறோம் என்றார்கள். அன்று சாயங்காலமே கணக்கை முடித்துக் கையில் கொடுத்தார்.

இன்னொன்றும் அந்த மாதம்தான் பார்த்தேன். 'ஷிப்மென்ட்டை நிறுத்தி வையுங்கள்' என்று பையர் அனுப்பிய மெயிலை, பயந்துபோய் இரண்டு நாள் சொல்லாமல் வைத்திருந்தான் ஒரு சின்ன மெர்ச்சன்டைசர், பையரோடு ஆர்டர் விவரம் பேசுகிற பையன். பேக்கிங்கில் அட்டைப்பெட்டிகூட ஒட்டி முடித்துவிட்டார்கள். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். முதலாளி, "சரி, இனிமே இந்த மாதிரி மெயில் வந்தா ராத்திரியானாலும் போன் பண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். அப்புறம் என்னிடம், "இப்பக் கத்துனா அடுத்த தடவை நாலு நாள் மறைப்பான்" என்றார். அதன் பிறகு அந்தப் பையன் கெட்ட செய்தியைத்தான் முதலில் சொல்கிறான். சில நாள் அதுவும் தொல்லைதான்.

ஓவர்லாக் மெஷினில் தைப்பவர்களைப் பிளாட்லாக் என்ற வேறு வகை மெஷினிலும் பழக்கினார். வேலை குறைந்தபோது ஆட்களை மாற்றி உட்கார வைக்க அது உதவியது.

குறையும் உண்டு. ஒரே நாட்டை நம்ப வேண்டாம் என்று மெர்ச்சன்டைசிங்கில் 2022-லிருந்தே சொன்னார்கள். கைநிறைய ஆர்டர் இருக்கும்போது அவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போதுதான், பிரிட்டனோடு இந்தியாவின் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, சாம்பிள் செக்‌ஷனில் இரவு எட்டு மணிக்கும் லைட் எரிகிறது, லண்டன் பையர் ஒருவருக்காக. அந்த ஆர்டர் வருமா என்று நேற்றுக் கேட்டேன். புதன்கிழமை சொல்கிறேன் என்றார்.