மேல் பிரிவுக்குப் போனதிலிருந்து கடைசியில்தான் வருகிறேன், விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 39 வயது. அலுவலக வேலை, மனைவி, இரண்டு பிள்ளைகள். மூன்று வருடமாக சைக்கிள் பந்தயங்களில் ஓட்டுகிறேன், பெரும்பாலும் சுற்றுப்பாதைப் பந்தயங்கள். தொடக்கநிலைப் பிரிவில் இருந்தபோது இரண்டு முறை மேடையேறினேன். அடுத்த பிரிவுக்கு உயர்த்தினார்கள். அன்றிலிருந்து இறங்குமுகம்தான். பாதிப் பந்தயத்திலேயே கூட்டத்திலிருந்து கழன்றுவிடுகிறேன். இத்தனைக்கும் மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் கணக்குப்படி போன வருடத்தைவிட இப்போது எனக்குப் பலம் அதிகம். போன மாதம் ஒரு வளைவில், முன்னால் போனவரின் பின்சக்கரத்தில் என் முன்சக்கரம் உரசி விழுந்தேன். தலையும் தரையில் இடித்தது. தோல் உரிந்ததோடு தப்பித்தேன். ஆனால் இப்போது வளைவு வந்தாலே கை தானாக பிரேக்குக்குப் போகிறது. எடை குறைக்க இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். காலை நாலரைக்கு எழுந்து பயிற்சி. தூக்கம் சரியில்லை, வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன். போன வாரம் வீடு திரும்பியதும் மகள், “இன்னைக்கும் கடைசியாப்பா?” என்று கேட்டாள். நல்ல சக்கரம் வாங்கினால் நிலைமை மாறுமா? இல்லை, இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிடலாமா? அடுத்த பந்தயத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டேன். இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: விட்டுவிடலாமா என்பதற்கு நான் இப்போது பதில் சொல்லப் போவதில்லை. நீங்களும் இப்போது முடிவெடுக்காதீர்கள். ராத்திரி சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை, விழுந்த பயமும் தெளியவில்லை. இந்த நிலையில் எதைக் கேட்டாலும் மனசு ‘வேண்டாம்’ என்றுதான் சொல்லும். அதை ஒரு மாதம் தள்ளிவைத்துவிட்டு, உங்கள் கடிதத்தில் இருக்கும் உண்மையான கேள்விக்கு வருவோம். பலம் கூடியிருக்கிறது, ஆனாலும் பின்தங்குகிறீர்கள். அது எப்படி?

பவர் மீட்டர் பொய் சொல்லவில்லை. அது உங்களிடம் அளந்தது வேறு ஒன்றை, அவ்வளவுதான். எஃப்டிபி என்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம் சீராகத் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட்ஸ் அளவு. பலரும் 20 நிமிடம் முழு மூச்சில் ஓட்டிப் பார்த்து, அதில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண் உயர்ந்திருக்கிறதென்றால் உங்கள் பயிற்சி வீண்போகவில்லை, சந்தோஷப்படுங்கள். ஆனால் சுற்றுப்பாதைப் பந்தயத்தில் சீரான ஒரு மணி நேரம் என்று எதுவும் கிடையாது. மிதி, விடு, மிதி, விடு என்றுதான் முழுப் பந்தயமும் போகும்.

கூட்டத்தின் கடைசியில் ஓட்டுகிறவருக்கு ஒரு வளைவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முன்னால் இருக்கும் பத்துப் பேர் பிரேக்கை லேசாகத் தொட்டுவிட்டு, வேகம் குறையாமல் வளைந்து போய்விடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் அழுத்துகிறார்கள். அறுபதாவது ஆளுக்கு வரும்போது சைக்கிள் கிட்டத்தட்ட நின்றே விடுகிறது. அவர் வளைவுக்குள் நுழையும் நேரத்தில் முன்னால் இருப்பவர்கள் அடுத்த நேர்பாதையில் முழு வேகத்தில் இருக்கிறார்கள். இடைவெளி விழுந்துவிட்டது. இருக்கையிலிருந்து எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்துத்தான் அதை அடைக்க வேண்டும். ஆர்மோனியத் துருத்தி மாதிரி கூட்டம் ஒவ்வொரு வளைவிலும் சுருங்கி விரிகிறது. விரிகிற பக்கம் எப்போதும் வால்பக்கம்தான். சுற்றுக்கு நான்கு வளைவு, முப்பது சுற்று என்றால் 120 தடவை. எஃப்டிபிக்கு மேலே போய் மிதிக்கும் சக்திக்கு உடம்பில் ஒரு சின்னக் கையிருப்புதான் உண்டு. வேகமாகச் செலவாகும், மெதுவாகத்தான் நிரம்பும். நூறு தடவை அதிலிருந்து எடுத்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை.

ஆக, உங்களை ஜெயித்தவர்களில் பலர் உங்களைவிடக் குறைவாக உழைத்திருப்பார்கள். இதை நீங்கள் நம்ப வேண்டும். தொடக்கநிலைப் பிரிவில் பலம் மட்டுமே போதும். கூட்டம் சீக்கிரமே சிதறிவிடும், பலசாலி முன்னால் வந்துவிடுவார். அடுத்த பிரிவில் எல்லோருமே பலசாலிகள். அங்கே பலத்தை மிச்சம் பிடிக்கத் தெரிந்தவர் ஜெயிக்கிறார். பிரிவுகளுக்கு இடையே உள்ள தூரமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பிரிட்டனில் தொடக்கநிலையான நான்காம் பிரிவிலிருந்து மூன்றாவதுக்குப் போக, பந்தயங்களில் சேர்க்கும் 12 புள்ளி போதும். மூன்றிலிருந்து இரண்டுக்கு 40, இரண்டிலிருந்து ஒன்றுக்கு 200. பெரும்பாலானவர்கள் ஒரு பிரிவில் பல வருடங்கள் இருப்பார்கள். உயர்த்திய முதல் வருடத்தில் கழன்றுபோவது பலருக்கும் நடப்பதுதான்.

சரி, என்ன செய்வது? முன்பக்கத்தில், முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எல்லோரும் சொல்கிற அறிவுரைதான். ஆனால் எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. தனியாக ஓரத்தில் ஏறி, காற்றை முழுசாக வாங்கிக்கொண்டு முன்னேறினால் அங்கே போய்ச் சேரும்போது மூச்சு வாங்கும், இரண்டு சுற்றில் மறுபடி பின்னால் வந்துவிடுவீர்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் சமதளத்தில் போகும்போது உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளத்தான் போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைத் தள்ளத் தேவையான சக்தி எட்டு மடங்கு. முன்னால் ஒருவர் மறைவு கொடுத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சம். அதனால் ஓரமாக முன்னேறுகிற வேறொருவருக்காகக் காத்திருங்கள். அவர் கிளம்பியதும் அவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே போங்கள். முன்னால் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும் அந்தச் சில விநாடிகள்தான் நல்ல நேரம். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: சுற்றிலும் இருப்பவர்கள் முன்னேறிக்கொண்டே இருப்பார்கள். சும்மா இருந்த இடத்திலேயே ஓட்டினால் தானாகவே வால்பக்கம் போய்விடுவீர்கள். பக்கவாட்டில் காற்றடித்தால் மறைவு நேர்பின்னால் இருக்காது, சாய்வாக ஒரு பக்கம் இருக்கும். அந்தப் பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள்.

அப்புறம் அந்த விழுந்த விஷயம். முதலில் ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். வெளியே கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். உள்ளே இருக்கும் நுரை ஒரு அடியை வாங்கினால் நசுங்கிவிடும், அடுத்த அடியை அது தாங்காது. தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சம் கூசுவது என்று ஏதாவது அப்போதிலிருந்து இருந்தால் இந்தப் பதிலை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். தூக்கம் கெட்டதும் எரிச்சலும்கூட அதனால் இருக்கலாம், அதையும் அவரிடம் சொல்லுங்கள். இது தட்டிக்கழிக்கிற விஷயமல்ல.

சக்கரம் உரசினால் பெரும்பாலும் விழுவது பின்னால் இருப்பவர்தான், ஏனென்றால் திருப்புகிற சக்கரம் அவருடையது. அவரது முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்தைத் தாண்டி ஒரு விரல்கடை உள்ளே நுழைந்திருந்தாலும் போதும், முன்னவர் லேசாக நகர்ந்தால் இவர் கீழே. களைத்தவர்கள்தான் முன்னால் இருக்கும் டயரை மட்டுமே வெறித்துப் பார்த்து ஓட்டுவார்கள். அப்படிப் பார்த்தால் எல்லாமே தாமதமாகத் தெரியும். முன்னவரின் தோளைத் தாண்டி, இரண்டு மூன்று பேருக்கு அப்பால் பாருங்கள். டயர் கண்ணோரத்தில் தெரிந்தால் போதும்.

வளைவுப் பயத்தைப் பந்தயத்தில் போய்ப் போக்க முடியாது. நம்பிக்கையான இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு புல்வெளிக்குப் போங்கள். நடக்கிற வேகத்தில், பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, முழங்கையால் முழங்கையை இடித்துக்கொள்ளுங்கள், தோளோடு தோள் சாயுங்கள். சிறுபிள்ளை விளையாட்டு மாதிரிதான் இருக்கும். பயிற்சியாளர்கள் கற்றுத்தரும் முறைதான் இது. இடித்தால் உடனே விழுந்துவிட மாட்டோம் என்பதை உடம்பு அங்கேதான் கற்றுக்கொள்ளும். பிறகு ஆளில்லாத பாதையில் ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப எடுங்கள். பிரேக்கெல்லாம் வளைவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கைகள் சைக்கிளின் வளைந்த பிடியின் கீழ்ப்பகுதியில், வெளிப்பக்க மிதி கீழே, உடம்பின் பாரம் அந்தக் காலில், பார்வை வெளியேறும் இடத்தில். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இன்றைக்கே இரவுச் சாப்பாட்டை ஆரம்பியுங்கள். தூக்கம் கெடுவது, எரிந்து விழுவது, எல்லாம் வெறுத்துப்போவது, இவை உடம்பு அடிக்கும் எச்சரிக்கை மணி. உழைப்புக்கு ஈடாகச் சாப்பிடாத விளையாட்டு வீரர்களுக்கு ஹார்மோன், எலும்பு, மனநிலை எல்லாமே பாதிக்கப்படுகிறது என்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்குத் தனியாகப் பெயரே வைத்தது. ஆண்களுக்கும் இது வரும். இரண்டு வாரம் கடுமையான பயிற்சி எதுவும் வேண்டாம். மனசு கேட்கவில்லையென்றால் பிள்ளைகளோடு சும்மா ஓட்டுங்கள், மீட்டரைக் கழற்றிவைத்துவிட்டு. சேர்த்த பலமெல்லாம் போய்விடுமே என்று பயப்படுவீர்கள், தெரியும். இரண்டு வாரத்தில் போவது கொஞ்சம்தான், அதுவும் சீக்கிரமே திரும்பி வந்துவிடும். எழுந்ததும் நாடித்துடிப்பை எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிட நிறைய கூடியிருந்தால் அன்றைக்குக் கடினமான பயிற்சி கிடையாது.

சக்கரம் வாங்க வேண்டாம், இப்போதைக்கு. இந்த இடத்தில் யாராவது 1989 கதையைச் சொல்வார்கள். டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில் கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். ஒவ்வொருவராகத் தனியே ஓட்டி நேரம் பார்க்கும் 24.5 கிலோமீட்டர் தனிநபர் ஓட்டத்தில், காற்றைக் கிழிக்க உதவும் நீட்டுப்பிடியும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு, வெறுந்தலையோடு ஓட்டிய லோரான் ஃபீன்யோனை முந்தி, மொத்தத்தில் 8 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். உண்மைதான். ஆனால் மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்த இருவருக்கு இடையில் நடந்தது அது. உங்கள் மீது மோதும் காற்றில் பெரும்பங்கு மோதுவது உங்கள் உடம்பில்தான். முழங்கையை மடக்கி, தலையைத் தாழ்த்தி நீண்ட நேரம் ஓட்டப் பழகுவதற்குச் செலவே கிடையாது.

வயதைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு ஒரே ஒரு மனிதரைக் காட்டுகிறேன். பிரான்ஸின் ராபர்ட் மார்ஷான் 2012இல், நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24.251 கிலோமீட்டர் ஓட்டினார். இரண்டு வருடம் கழித்து 102 வயதில் மறுபடி ஓட்டியபோது 26.927. அதாவது முன்னேறியிருந்தார். 39 எல்லாம் ஒரு வயதா?

கூட்டத்துக்குள் ஓட்டுவது கடைசிவரை ஒத்துவராமல்கூடப் போகலாம். அப்படியானால் தனிநபர் நேர ஓட்டம் இருக்கிறது, மலையேற்றப் பந்தயம் இருக்கிறது. சீரான பலம் அங்கே நேரடியாகப் பலன் தரும். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் மகளிர் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்ற ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லை. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், தனிநபர் ஓட்டத்தில் தேர்ந்தவர். 2017இல் ஒரு தொழில்முறை அணியில் சேர்ந்து, ஒத்துவராமல் வெளியே வந்து, பிறகு மறுபடி போட்டிக்குத் திரும்பியவர். 137 கிலோமீட்டர் பந்தயத்தில் தொடக்கத்திலேயே சிலரோடு முன்னால் பாய்ந்தார். கடைசி 40 கிலோமீட்டரைத் தன்னந்தனியாக ஓட்டி முடித்தார். இரண்டாவதாக வந்த நெதர்லாந்து வீராங்கனை, தான்தான் முதல் என்று நினைத்துக் கைகளை உயர்த்தியபடி கோட்டைக் கடந்தார். எனக்கு அந்தப் பந்தயம் இன்றும் பெரிய ஆச்சரியம். தன் பலம் எங்கே இருக்கிறதோ அங்கே பந்தயத்தை இழுத்துக்கொண்டு போனார்.

உங்கள் மகளின் கேள்வி உங்களைக் குத்தியிருக்கிறது. அவள் கிண்டல் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். கடைசி என்றால் என்னவென்று அவளுக்குச் சொல்லுங்கள், அந்த வளைவுக் கணக்கைக் காகிதத்தில் வரைந்து காட்டுங்கள். பிள்ளைகளுக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும். மனைவியோடு உட்கார்ந்து இந்த வருடத்துக்கு எத்தனை பந்தயம் என்று பேசி முடிவு செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் பெயர் கொடுப்பதை நிறுத்துங்கள். நாலரை மணிப் பயிற்சி வாரத்தில் எத்தனை நாள் என்பதும் இரண்டு பேரும் சேர்ந்து எடுக்கிற முடிவாக இருக்கட்டும்.

அந்த ஐந்து வாரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் ஓய்வு. அடுத்த இரண்டில் புல்வெளி, வளைவு, குறுகிய வேகப் பயிற்சி. ஒரு நிமிடம் மிதித்து ஒரு நிமிடம் விடுவது மாதிரி, வாரத்துக்கு இரண்டு நாள் போதும். கடைசி வாரத்தில் பயிற்சி நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். அதற்குள் தூக்கம் திரும்பியிருந்து, தலையில் எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் போங்கள். இல்லையென்றால் பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். போனால், புறப்படும் கோட்டில் முன்வரிசையில் நிற்கச் சீக்கிரமே போய்விடுங்கள். முதல் பத்துச் சுற்று முன்பக்கத்தில் இருந்தேனா என்பதை மட்டும் பாருங்கள். பதினொன்றாவது சுற்றில் கழன்றாலும் பரவாயில்லை. வெளியே வந்து, வளைவுக்குப் பக்கத்தில் நின்று, முதல் பத்துப் பேர் பிரேக்கை எங்கே தொடுகிறார்கள் என்று மீதிப் பந்தயத்தை முழுக்கப் பார்த்துவிட்டு வாருங்கள்.