பதில்: ரொறன்ரோவில் இருக்கிற தம்பிக்காகக் கிளிநொச்சியிலிருந்து காசு அனுப்பலாமா?

ரொறன்ரோவில் ஒரு கிளப்பில் ஆடிய பெண்ணைக் காசு கொடுத்து வெளியே சந்திக்கத் தம்பி வட்ஸ்அப்பில் பேசி முற்பணம் கொடுத்தார், இப்போது இன்னும் காசு கேட்டு மிரட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அனுப்ப வேண்டாம். வங்கியாலும் வேண்டாம், உண்டியலாலும் (வங்கியில்லாமல் ஆட்கள் மூலம் காசு மாற்றுவது) வேண்டாம். வெளியே சந்திக்கத் தம்பி கொடுத்த முற்பணம் போனது போனதுதான். இப்போது “வீட்டுக்குச் சொல்லிவிடுவோம்” என்று சொல்லிக் காசு கேட்பது மிரட்டல். ஒருதரம் கொடுத்தால் அடுத்த கிழமையும் கேட்பார்கள்.

கிளப்பில் ஆடிய பெண்தான் வட்ஸ்அப்பில் பேசுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம். தம்பி அவளை இன்ஸ்டாகிராமில் தேடித்தானே பிடித்திருக்கிறார்? அவளின் படங்களை எடுத்து வேறு யாரோ திறந்த கணக்காக இருக்கலாம். அன்றிரவு இருவரும் நேரில் பேசிய ஏதாவதொன்றைத் தம்பி கேட்டுப் பார்க்கட்டும். மழுப்பினால் ஆள் வேறு. உண்மையில் அவளே என்றாலும் காசு கொடுக்காதீர்கள்.

செய்திகள், காசு அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துவிட்டு, அப்புறம் அந்த எண்ணையும் கணக்கையும் தடுக்கச் சொல்லுங்கள். பேஸ்புக் நண்பர் பட்டியலையும் மறைக்க வேண்டும். அம்மாவுக்கு நீங்களே முதலில் சொல்வது நல்லது. பரந்தன் மாமி பார்த்துவிட்டு போன் எடுத்தால் கதை இரண்டு மடங்காகித்தான் வரும்.

ஒரு விஷயத்தில் கவனம். கனடாவில் 2014 இலிருந்து பாலியல் சேவையைக் காசு கொடுத்து வாங்குவது குற்றம். அதற்காகப் பேரம் பேசுவதும் குற்றம்தான். தன் சேவையை விற்கும் பெண்மீது பொதுவாக வழக்கு இல்லை. மிரட்டிக் காசு கேட்பதும் அங்கே பெரிய குற்றம் என்றாலும், தம்பி பொலிஸுக்குப் போகுமுன் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கட்டும். குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும்.