கொல்லையில் பன்னிரண்டு நாட்டுக்கோழிக்குக் கூண்டு கட்டுகிறோம். அடையும் கழியை எந்த உயரத்தில், என்ன இடைவெளியில் வைப்பது? அடியில் எச்சப் பலகை அவசியமா?

அவசியம். சொல்லப்போனால் பலகையை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம்தான் கழியைப் பற்றி யோசிக்க வேண்டும். நான் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஒரு வருடம் அவதிப்பட்டேன்.

எங்கள் வீடு மயிலாடுதுறைப் பக்கம். அம்மா காலத்தில் கூண்டெல்லாம் கிடையாது. குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டால், பெரியவை பொழுது சாய்ந்ததும் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். இரண்டு மூன்றைக் கீரிப்பிள்ளை கொண்டுபோனபிறகுதான் கூண்டு கட்டினேன். உள்ளே ஏணிப்படி மாதிரி மூன்று மூங்கில்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சாய்த்துக் கட்டினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கோழிக்கு உயரமான இடம்தான் கௌரவம். தினமும் ஆறரை மணிக்கு மேல்கழிக்கு அடிதடி நடக்கும். தோற்றவை கீழே உட்கார்ந்து மேலே இருப்பவற்றின் எச்சத்தை முதுகில் வாங்கிக்கொள்ளும். அதனால் எத்தனை கழி வைத்தாலும் எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வையுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீரும்.

இப்போதிருக்கும் கூண்டு ஆறடி நீளம், ஐந்தடி அகலம். நாட்டுக்கோழி ஒன்றுக்குக் கழியில் எட்டிலிருந்து பத்து இன்ச் இடம் போதும், பெருவிடை (பெரிய உடம்புள்ள நாட்டு இனம்) என்றால் ஒரு அடி. ஆறடிக் கழி இரண்டு போட்டால் பன்னிரண்டு கோழிக்கும் தலைக்கு ஒரு அடி கிடைத்துவிடும். முதல் கழி பின்சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் வால் சுவரில் உரசும், எச்சமும் சுவரில் வழியும். அடுத்த கழி அதிலிருந்து பதினைந்து இன்ச். அதற்கும் முன்னால் ஒன்பது இன்ச் பலகை நீண்டிருக்கட்டும். கூட்டிப் பார்த்தால் பலகையின் அகலம் சரியாக மூன்று அடி வரும்.

உயரம்தான் இழுபறி. சுரண்டுகிற நமக்குப் பலகை இடுப்பளவில் இருந்தால் வசதி. ஆனால் அப்படி வைத்தால் கழி மூன்றரை அடிக்குப் போய்விடும். கனமான சேவல் விடியற்காலையில் அங்கிருந்து சிமென்ட் தரையில் பொத்தென்று குதித்தால் உள்ளங்காலில் அடிபட்டு, நாளடைவில் சீழ்க்கட்டி வரும். எங்கள் சேவல் ஒன்று இரண்டு மாதம் நொண்டியது. அதனால் பலகையை ஒன்றரை அடியில் இறக்கிவிட்டு, மேஜை இழுப்பறை மாதிரி வெளியே இழுக்கும்படி செய்தேன். குனிந்து கூண்டுக்குள் தலையை விட வேண்டியதில்லை. ஆறடிப் பலகையை ஒரே துண்டாக இழுக்க முடியாது என்பதால் மூன்றுக்கு மூன்று அடியில் இரண்டு துண்டுகள். எட்டுக்கு நான்கு பிளைவுட் ஒன்று வாங்கினால் இரண்டும் அதிலேயே வந்துவிடும். கழி, பலகைக்கு மேலே ஏழு இன்ச். இதைவிட நெருக்கினால் சுரண்ட முடியாது, ரொம்ப உயர்த்தினால் எச்சம் தெறிக்கும், கோழியும் பலகையில் இறங்கி நடமாடும்.

முட்டையிடும் பெட்டியின் உயரம் கழிக்குக் கீழேதான் இருக்க வேண்டும். பெட்டி உயரமாக இருந்தால் கோழி அதில்தான் தூங்கும், காலையில் முட்டையோடு எச்சத்தையும் சேர்த்து எடுப்பீர்கள்.

கழிக்கு என்ன மரம்? மூங்கில் வேண்டாம். வழவழப்பு ஒருபுறம் இருக்கட்டும், அதன் பொந்துதான் பிரச்சினை. கோழிச் செள்ளு பகலெல்லாம் அந்த இடுக்கில் பதுங்கி இருந்து, இரவில் வந்து ரத்தம் குடிக்கும். பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்து 'ஒன்றுமில்லையே' என்று நாம் ஏமாந்துபோவோம். இருட்டிய பிறகு ஒரு வெள்ளைத் துணியால் கழியின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்புத் தீற்றல் விழுந்தால் செள்ளு இருக்கிறது. இரும்புக் குழாயும் போட்டுப் பார்த்தேன். கால் வழுக்குகிறது என்று கோழிகள் தரையிலேயே படுத்துக்கொண்டன. நான் இப்போது வைத்திருப்பது சவுக்குக் கம்பு, இரண்டு இன்ச் கனம், பட்டையை முழுக்க உரித்தது. பட்டையை விட்டுவைத்தால் செள்ளுக்கு நாமே வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. இரண்டு முனைகளையும் ஆணி அடிக்காமல், கவட்டை போல வெட்டிய கட்டையில் சும்மா தூக்கி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை எடுத்து வெயிலில் போட்டு, வேப்பெண்ணெய் தடவி மறுபடி வைத்துவிடுவேன்.

இனி பலகை. வெறும் பிளைவுட் ஒரு ஐப்பசி மழைக்கே உப்பிவிட்டது. அதன்மேல் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை இழுத்துக் கட்டி, ஓரங்களை அடியில் மடித்து ஆணி அடித்தேன். அருமையாக உழைக்கிறது. (மணமக்கள் முகம் கீழே வரும்படி திருப்பிப் போடுங்கள். நான் முதலில் போடவில்லை, தினமும் காலையில் சங்கடமாக இருந்தது.) மேலே அரை இன்ச் காய்ந்த மணலோ உமியோ பரப்பினால் எச்சம் ஒட்டாது. சுவருக்குப் பட்டி பார்க்கிற தகட்டால் ஒரு தள்ளு தள்ளினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடியும்.

ஒரு எச்சரிக்கை: நாற்றம் போக ஈர எச்சத்தின் மேல் சுண்ணாம்பு தூவச் சொல்வார்கள். நானும் தூவினேன். கண் எரிகிற அளவுக்குக் காரநெடி கிளம்பி, பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். சுண்ணாம்பின் காரத்தன்மை எச்சத்தில் இருக்கும் அம்மோனியாவை வெளியே துரத்திவிடுகிறது. ஈரத்தில் பட்டால் சாம்பலும் அப்படித்தான். அந்த வாயு கண்ணையும் மூச்சுக்குழாயையும் கெடுக்கும். அதைத் தினமும் சுவாசிப்பது நாமல்ல, எச்சத்துக்கு நேர்மேலே உட்கார்ந்திருக்கிற கோழி. தினசரி வழிப்பதும், கழிக்கு மேலே இரண்டு பக்கமும் கம்பிவலை விட்டுக் காற்று வரச் செய்வதும்தான் வழி. வலை அரை இன்ச் கண்ணாக இருக்கட்டும், பாம்பும் கீரியும் நுழையாது.

ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு கிராம் எச்சம் போடும். அதில் பாதி, கொஞ்சம் முன்பின்னாக, இரவில் கழியில் உட்கார்ந்திருக்கும்போதுதான். பன்னிரண்டு கோழிக்குத் தினம் அரைகிலோவுக்குக் குறையாமல் பலகையிலேயே சேரும். அப்படியே செடிக்குப் போடாதீர்கள். என் கத்தரிச்செடி நாலு கருகிப்போனது. சருகோடு கலந்து மூன்று மாதம் மக்கவிட்டுப் போடுங்கள்.

பலகையால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் சுத்தம்கூட இல்லை, தகவல். கோழிகள் பெரும்பாலும் தினமும் அதே இடத்தில்தான் அடையும். எந்த இடத்தில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்துவிடும். பழுப்பாக, களிமாதிரி, குமட்டுகிற வாடையோடு அவ்வப்போது ஒன்று கிடந்தால் பயப்படாதீர்கள், அது குருட்டுக்குடலிலிருந்து வரும் எச்சம், இயல்பானது. ரத்தம் கலந்திருந்தாலோ, பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர்போல இருந்தாலோ அந்தக் கோழியை உடனே தனியே பிரித்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். முன்னது ரத்தக் கழிச்சலாக இருக்கலாம், பின்னது வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். போன தை மாதம் இப்படி ஒன்றை முதல் நாளிலேயே பிடித்தேன். தரையெங்கும் எச்சம் கலந்து கிடந்த பழைய கூண்டில் அது தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது.

புதுக் கூண்டில் முதல் சில நாள் கழியில் ஏறாது, மூலையில் குவிந்து படுக்கும். நன்றாக இருட்டட்டும், இருட்டில் அவற்றுக்குக் கண் தெரியாது, சண்டை போடாது. ஒவ்வொன்றாகத் தூக்கிக் கழியில் வைத்துவிடுங்கள். எங்களுடையவை நாலாம் நாள் தாமாக ஏறின. ஒரு கிழட்டுப் பெட்டை மட்டும் இன்னும் முருங்கையில்தான் அடைகிறது, ஆளைப் பார்த்தால் இன்னும் உயரக் கிளைக்குப் போய்விடுகிறது. அதற்கு அடியில் வண்டியை மட்டும் நிறுத்துவதில்லை.