பத்தாம் வகுப்பு முடித்த மகளுக்கு இந்தக் கோடை விடுமுறையில் கம்ப்யூட்டேஷனல் சயின்ஸை அறிமுகப்படுத்துவது எப்படி? நேராகப் பைத்தான் புரோகிராமிங் வகுப்பில் சேர்த்துவிடலாமா?

சேர்க்கலாம். ஆனால் அதற்கு முன்னால் அவளோடு உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ ஆறுவதைப் பாருங்கள்.

நான் இயற்பியல் ஆசிரியை. நாலு வருஷமாக மே மாதத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு வீட்டுக் கூடத்தில் இதைச் சொல்லித் தருகிறேன். முதல் வருஷம் பைத்தானில்தான் தொடங்கினேன். லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் கட்டளை), லிஸ்ட் என்று இரண்டு வாரம் ஓடியது. புரோகிராம் எழுதினார்கள், எதற்கு எழுதுகிறோம் என்று மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. கணினியைப் படிப்பது வேறு, கணினியை வைத்துக்கொண்டு இயற்கையைப் படிப்பது வேறு. இரண்டாவதுதான் கம்ப்யூட்டேஷனல் சயின்ஸ். உங்கள் மகளுக்கு வேண்டியதும் அதுதான்.

இப்போதெல்லாம் முதல் நாள் காலையில் எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கக் கொதிக்க டீ. லேப் தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும். காய்ச்சல் பார்ப்பது 42 டிகிரியோடு நின்றுவிடும். ஃபேனை நிறுத்திவிட்டு, 80 டிகிரிக்கு இறங்கியதிலிருந்து அரை மணி நேரம், நிமிஷத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்க வேண்டும்.

பிறகு கணக்கு. டீக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தில் நிமிஷத்துக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு குறைகிறது என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். நியூட்டனின் குளிர்தல் விதிதான். டீ 80, அறை 30, வித்தியாசம் 50. அதில் ஐந்து பங்கு 2.5. ஒரு நிமிஷம் கழித்து 77.5. இப்போது வித்தியாசம் 47.5, ஆகவே அடுத்தது 75.1. பெருக்கலும் கழித்தலும் போதும், கால்குலஸ் வேண்டாம். பத்து வரி கையால் போட்டால் ஏறக்குறைய 60 டிகிரி வரும். அதன் பிறகுதான் மொபைலில் கூகுள் ஷீட்ஸைத் திறக்க விடுவேன்.

போன வருஷம் ஒரு பெண் கேட்டாள்: "ஏன் மிஸ் ஒவ்வொரு நிமிஷமா போகணும்? பத்து நிமிஷத்தை ஒரே தாவாத் தாவினா என்ன?" தாவிப் பார் என்றேன். 55 வந்தது. முப்பது நிமிஷத்தை ஒரே தாவலில் போட்டாள். 5 டிகிரி! முப்பது டிகிரி அறையில் டீ தானாக ஐஸ் தண்ணீராகிவிட்டது. நோட்டையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். விதி சரி, கூட்டல் கழித்தல் சரி, விடை மட்டும் அபத்தம். படியின், அதாவது ஒவ்வொரு தாவலின், அளவே விடையைக் கெடுக்கும் என்று அவளாகவே கண்டுகொண்ட அந்த இடத்தில்தான் இந்தத் துறை தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

முதல் சில நிமிஷங்களில் நிஜ டீ கணக்கைவிட வேகமாக ஆறியது. "ஆவி போகுதே மிஸ்" என்றான் ஒரு பையன். மறுநாள் டம்ளரைத் தட்டால் மூடி, ஓரமாகத் தெர்மாமீட்டரைச் செருகி மறுபடி அளந்தோம். எங்கள் விதி ஆவியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது.

எத்தனை தசம இடம் வைக்க வேண்டும் என்ற கேள்வியும் தவறாமல் வரும். அன்றைக்கு வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் கதையைச் சொல்வேன். 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் அவர் வானிலைக் கணக்கு ஒன்றை நடுவிலிருந்து மறுபடி ஓட்டினார். 0.506127 இருந்த இடத்தில் 0.506 என்று கொடுத்தார். கொஞ்ச தூரம் ஒட்டிப்போன இரண்டு விடைகளும் பிறகு சம்பந்தமே இல்லாமல் பிரிந்துவிட்டன. டீயில் சின்னப் பிழை தானே தேய்ந்துவிடும், வானிலையில் வளரும். இரண்டையும் ஷீட்டில் ஓட்டிப் பார்க்கும் பிள்ளை இதை மறக்காது.

பைத்தானா? நொடிக்கு ஒரு படி வைத்தால் இன்னும் துல்லியமாக வருமா என்று இரண்டாவது வாரம் அவர்களே கேட்டார்கள். அரை மணிக்கு 1800 வரி. ஷீட்டில் இழுத்து இழுத்துக் கை வலிக்கிறது என்றபோதுதான் லேப்டாப்பைத் திறந்தேன். முதல் வருஷம் இரண்டு வாரம் இழுத்த லூப், அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் புரிந்துவிட்டது.