வடிகால் தண்ணீர் வயலுக்குள் ஏறினால்…

கேள்வி: நட்டு 25 நாளான சம்பா, ராத்திரி பெய்த மழையில் முழுகிவிட்டது. தண்ணீர் வடியட்டும் என்று வரப்பை வெட்டினோம். வடிகால் தண்ணீர்தான் உள்ளே வருகிறது. என்ன செய்வது?
– வாசகர், தலைஞாயிறு

பதில்: வெட்டிய வாயை உடனே அடைத்துவிடுங்கள். சாக்கில் பாதியளவே மண் போடுங்கள். முட்ட நிரப்பிய மூட்டை உருண்டு நிற்கும், இடுக்கில் தண்ணீர் பீறிடும். பாதி மூட்டைதான் அமுங்கிப் படியும். செங்கல் அடுக்குவதுபோல மூட்டு மாற்றி அடுக்கி, ஏறி மிதியுங்கள்.

பிறகு வரப்பின் குறுக்கே ஒரு நேர்க்கம்பைப் படுக்கப் போட்டு, இரு பக்கத் தண்ணீரும் அதற்கு எத்தனை விரற்கடை கீழே நிற்கிறது என்று பாருங்கள். வடிகால் பக்கம் தாழ்ந்தால் மட்டும் வாயைத் திறக்கலாம். உங்களுடையது கடலுக்குப் பக்கத்துக் கடைமடை. கடல் ஏற்றமாக இருக்கும்போது ஆற்றுத் தண்ணீரை வாங்காது. ஏற்றம் தணிய ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். மறுநாள் அதே நிலை 50 நிமிடம் போல தாமதமாக வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். அதைக் கணக்கு வைத்துத் திறந்து மூடுங்கள். வடிகால் பாலத்தடியில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்திருந்தால் அதை எடுக்காமல் எதுவும் வடியாது.

இன்ஜின் வைத்து இறைப்பதானால் பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து செய்யுங்கள். 15 செ.மீ. மழை என்றால் ஏக்கருக்கு 6 லட்சம் லிட்டர். வினாடிக்கு 10 லிட்டர் தள்ளும் இன்ஜின் சுமார் 17 மணி நேரம் ஓடவேண்டும். தனியாக இறைத்தால் அடுத்த வயல் தண்ணீர் வரப்புக் கசிவில், நண்டு வளையில் திரும்பி வந்துவிடும். இலை நுனி வெளியே தெரிந்தாலே பயிர் மூச்சுவிடும், அதுதான் முதல் இலக்கு.

வடிந்ததும் ஒரு குத்தைப் பிடுங்கிப் பாருங்கள். குருத்தின் அடி கெட்டியாக, வெள்ளையாக இருந்தால் பயிர் பிழைக்கும். நசுக்கினால் கொழகொழத்து நாறினால் அந்தக் குத்து போய்விட்டது, மற்ற குத்துகளில் கலைத்து நட்டு இடம் நிரப்புங்கள். தண்ணீர் நிற்கையில் உரம் போடாதீர்கள், மொத்தமும் வீண். புது இலை விட்ட பிறகு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்து, 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடுங்கள். இலை மஞ்சளாக இருந்தால் 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட் கரைத்துத் தெளிக்கலாம்.

கேள்வி: கனமழை, மிகக் கனமழை, அதி கனமழை, என்ன வித்தியாசம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரக் கணக்கு. 6.45 முதல் 11.55 செ.மீ. வரை கனமழை, 20.44 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. 15 செ.மீ. மழை மூன்றே மணி நேரத்தில் கொட்டினாலும் பெயர் மாறாது, மிகக் கனமழைதான். தெருவில் ஏறும் தண்ணீர்தான் மாறும்.

கேள்வி: கொள்ளிடக் கரையின் ஊர்ப்பக்க அடியில் தண்ணீர் ஊறுகிறது. அடைக்கலாமா?
– வாசகர், சீர்காழி வட்டம்

பதில்: அடைக்காதீர்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கவனித்து வந்தால் போதும். கலங்கலாக வந்து அடியில் மணல் தங்கினால் கரைக்குள் மண் அரிக்கிறது. ஊற்றின் வாயை மூடினால் பக்கத்தில் பிய்த்துக்கொண்டு வரும். சுற்றி வளையமாக மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீர் ஏறவிடுங்கள். அந்த எதிர் அழுத்தம் மண் வருவதைக் குறைக்கும், தெளிந்த தண்ணீர் மேலே வழிந்து போகட்டும். கலங்கலைக் கண்டவுடனே மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லி, கரையடி வீட்டுக்காரர்களை மேட்டுக்கு அனுப்புங்கள். மூட்டை வேலை அதற்குப் பிறகுதான்.