விரிசல் விட்ட வேடக் கவசம்: ஃபைபர் கிளாஸ் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் படகுக்கும் சர்ஃப் பலகைக்கும் ஃபைபர் கிளாஸ் வேலை செய்கிறவள் நான். கூத்துக்கும் காஸ்ப்ளேவுக்கும் (கதாபாத்திரங்கள் போல வேடமிடுவது) கவசம் கட்டுகிறவர்கள் கேட்டதற்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): அக்கா, கூத்தில் கர்ணனுக்குப் போடும் ஃபைபர் மார்புக்கவசத்தில் கழுத்தோரமாக விரிசல். பாடி ஃபில்லர் (பள்ளத்தை அடைக்கும் பசை) பூசி பெயிண்ட் அடித்தேன், ஆடி முடிப்பதற்குள் மறுபடி திறந்துகொண்டது.

பதில்: தம்பி, ஃபில்லர் வளையாது, கவசமோ நீங்கள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் வளைகிறது. பலத்தை உள்பக்கம்தான் சேர்க்க வேண்டும், ஃபில்லர் வெறும் மேல்பூச்சு. முதலில் விரிசல் முடியும் நுனியில் 3 மி.மீ. துளை போடுங்கள், இல்லாவிட்டால் அது இன்னும் ஓடும். உள்பக்கத்தை அசிட்டோனால் துடைத்து, 80 நம்பர் சாண்ட்பேப்பரால் பளபளப்பு எங்கேயும் மிச்சமில்லாமல் தேய்த்து, மறுபடி துடையுங்கள். ஒட்டு பெயர்ந்து வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த வேலையில் அவசரப்படுவதால்தான். வெளியே டேப் ஒட்டி இரண்டு விளிம்பையும் சமமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 300 கிராம் மேட்டை (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு) கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள், அப்போதுதான் ஓரம் மெலிந்து படியும். விரிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இருக்கட்டும். பாலியெஸ்டர் ரெசினை (கேட்டலிஸ்ட் என்ற திரவம் கலந்ததும் இறுகும் பிசின்) முதலில் தடவி, மேட்டை வைத்து, பிரஷ்ஷை இழுக்காமல் குத்திக் குத்தி ஊற வையுங்கள். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் காற்று இருக்கிறது. இரண்டாவது அடுக்கு கொஞ்சம் பெரிதாக. மேட்டின் எடைக்கு இரண்டு மடங்கு ரெசின் போதும், அதற்கு மேல் ஊற்றினால் கனம்தான் ஏறும், நொறுங்கவும் செய்யும். இறுகிய பிறகு வெளிப்பக்க விரிசலைக் கொஞ்சம் அகலமாகக் கீறி ஃபில்லர் வைத்துத் தேயுங்கள்.

கேள்வி (வெருலம்): கலந்த கொஞ்ச நேரத்திலேயே கப் கையைச் சுடுகிறது, ரெசின் கட்டியாகிவிடுகிறது. கேட்டலிஸ்ட் கெட்டுப்போனதா?

பதில்: கெடவில்லை, நம் ஊர் ஜனவரி வெயில் அப்படி. பாலியெஸ்டர் ரெசின் 100 கிராமுக்குக் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 கிராம் என்பது கணக்கு. கோடையில் 1, ஜூலைக் குளிரில் 2 பக்கம் போங்கள். சொட்டு எண்ணாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஆழமான கப்பில் விட்டுவைத்தால் சூடு உள்ளேயே சேர்ந்து வேகமாக இறுகும், ஆகவே தட்டையான கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கவும். புகை வந்தால் வெளியே வெட்டவெளியில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

கேள்வி (லெனேசியா): ஈவிஏ ஃபோம் (ரப்பர் போல வளையும் மெத்தென்ற தாள்) தோள்கவசம் கிழிந்துவிட்டது, அதற்கும் இதுவேதானா?

பதில்: வேண்டாம். ஃபோம் வளையும், ஃபைபர் விறைத்து நிற்கும், இரண்டும் பிரிந்துவிடும். காண்டாக்ட் பசையால் ஒட்டி, பின்னால் துணிப்பட்டை கொடுங்கள்.

கேள்வி (டோங்காட்): அண்ணன் வாங்கித் தந்த மெல்லிய ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஹெல்மெட் பிளந்துவிட்டது அக்கா.

பதில்: அதற்கு எபாக்ஸியும் (ஸ்டைரீன் இல்லாத வேறு வகை ரெசின்) நெய்த கண்ணாடித் துணியும் எடும்மா. பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான் சில பிளாஸ்டிக்குகளை அரித்துவிடும், தெர்மோகோலையோ கரைத்தே விடும். சாதாரண மேட்டை எபாக்ஸியோடு போடாதே, அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது.

கேள்வி (ஃபீனிக்ஸ்): மகன் வீட்டுக்குள்ளேயே இதைச் செய்கிறான், பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படுவது சரிதான் அம்மா, வெளியே அனுப்புங்கள். ரெசின் நாற்றத்துக்குத் துணி மாஸ்க் பயன்படாது, ஆவிக்கான கரி கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். தேய்க்கும்போது தண்ணீர் விட்டு ஈரமாகத் தேய்த்தால் தூசி அடங்கும், முழுக்கைச் சட்டை போட்டால் அரிப்பு குறையும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்: கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பட்டுவிட்டால் உடனே 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே மருத்துவமனை.

கேள்வி (சாட்ஸ்வொர்த் தம்பியே மறுபடி): உள்பக்கம் இன்னும் பிசுபிசுக்கிறது, போட்டுக்கொள்ளலாமா?

பதில்: இப்போது வேண்டாம். காற்றுப் படும் மேல்பரப்பு முழுதாக இறுகாது, மெழுகு கலந்த ரெசினைக் கடைசியாக ஒரு கோட் பூசுங்கள். நாற்றம் முழுக்கப் போன பிறகு நீட்டி நிற்கும் இழைகளைத் தேய்த்தெடுத்து, உள்ளே துணி ஒட்டிவிட்டுப் போடுங்கள்.